பக்கத்து விலை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி
மாவு மில்லுக்கு மேல் மாடியில் எங்கள் வகுப்பு.
கீழே மிளகாய் அரைக்கிற நாளில்
தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில்தான் பாட்டு.

ஆணியில் தொங்கும் அந்த மேளம்
மாலியில் கடைந்த மரம்.
போன மழையில் தோல் கிழிந்துவிட்டது.
டில்லி புளியந்தோப்பில் ஆட்டுத்தோல் வாங்கிவந்து
பல்லைக் கடித்து இழுத்துக் கட்டினான்,
சாவுக்கு அடிக்கப் போகும்போது
சட்டியைக் காய்ச்சுவதுபோலவே
பழைய பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சினான்.
இப்போது அது எந்த ஊர் மேளம்?
நிதி தருகிறவர்கள் அனுப்பிய படிவம் கேட்கிறது.
ஏதேனும் ஒரு கட்டத்தில் மட்டும் டிக் செய்யவும்.

நான் இன்னும் செய்யவில்லை.
கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

இந்தப் பருவத்துக்கு ஜார்ஜியப் பாட்டு எடுத்திருக்கிறேன்.
"அமெரிக்காவா மிஸ்?"
அது வேறு ஜார்ஜியா. இது ரஷ்யாவுக்குத் தெற்கே,
மலைக்காரர்கள் விருந்தில் உட்கார்ந்து பாடுவது.
"அப்ப கல்யாணப் பாட்டு."
கிட்டத்தட்ட.
மூன்று குரல்.
ஒன்று மேலே ஏறுகையில் ஒன்று நின்ற இடத்திலேயே நிற்கும்,
அடியில் ஒன்று தரைபோல் கிடக்கும்.

சொல்லிவிட்டேன்.
எனக்குப் பன்னிரண்டு வருஷம் கற்பித்ததோ
ஒரே கோடு.
தம்பூராவின் கையைப் பிடித்துக்கொண்டு
அந்தக் கோட்டிலேயே நடப்பது.

மூன்று வாரம் ஆயிற்று.
யார் எந்தக் குரலில் தொடங்கினாலும்
நாலாவது அடிக்குள் எல்லாரும்
ஜெபராணியின் குரலில் போய் ஒண்டிக்கொள்கிறார்கள்,
திடீர் மழைக்கு ஒரே டீக்கடையில் ஒதுங்குகிற மாதிரி.
காதைப் பொத்திக்கொள்ளுங்கள் என்றேன்.
முதுகோடு முதுகாக நிற்கவைத்தேன்.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வரிசை நகராத நாளில்
கஜபதி வருவதில்லை, அடிக்குரலே இருக்காது,
தரை இல்லாத வீட்டில்
மாடி கட்டிக்கொண்டிருப்போம்.

நாலாம் செவ்வாய்க்கிழமை
காசிமேட்டிலிருந்து நேரே வந்தாள் அமுலு,
முழங்கையில் செதில் ஒட்டியபடி.
கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தாள்.
"இன்னாத்துக்கு மிஸ் காதப் பொத்திக்கினு கீறீங்கோ?
ஏலத்துல பக்கத்துல நிக்கிறவன்
ஐநூறு ஐநூறுன்னு கத்துவான்.
அவன் கத்துறான்னு என் கூடைய
ஐநூறுக்கு வுட்டுடுவனா?
அவன் வெல காதுல வுழணும்,
என் வெல வாயில நிக்கணும்.
பொத்திக்கினா யாவாரம் ஆவுமா?"

யாரோ சிரித்தார்கள். டில்லி சிரிக்கவில்லை.
காதிலிருந்து கையை எடுத்தோம்.
முகம் பார்த்துத் திரும்பி நின்றோம்.

அமுலு நடுக்குரல்.
பொருள் தெரியாத மலைச் சொற்கள்
வஞ்சிரம் கூவுகிற வாயில் வந்தன.
உச்சரிப்பு அத்தனையும் தப்பு.
சுருதி இம்மியும் அசையவில்லை.
ஜெபராணி மேலே போனாள்,
போகட்டும் என்று விட்டாள்.
கஜபதி அன்றைக்கு வந்திருந்தார்,
நியூட்ரலில் நிற்கும் லாரிபோல
அடியில் உறுமிக்கொண்டே கிடந்தார்.

நாலாவது அடியைத் தாண்டினோம்.
ஐந்தாவது.
மூன்று பேர் பாடும்போது
யாரும் பாடாத ஒன்று அறையில் ரீங்கரித்தது,
ஜன்னல் கண்ணாடியோ என்று டில்லி தொட்டுப் பார்த்தான்.

ஆறாவது அடியில்
ஒரு குரல் நழுவி
அமுலுவின் சுரத்துக்குள் பொத்தென்று விழுந்தது.
என்னுடையது.

அவள் பாட்டை விடவில்லை.
கூடையை யாரோ தொட்டுவிட்டதுபோல்
புறங்கையால் காற்றை ஒரு தள்ளு தள்ளினாள்:
போ, உன் இடத்துக்கு.
போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

"இன்னொரு தபா" என்றாள்,
செல்போனில் மணி பார்த்து.
"சீக்கிரம் மிஸ்.
ஒம்போதுக்கு லாரித் தண்ணி வந்துடும்."