நிகர எடை

பாதிரிப்புலியூர் துணிக்கடையில் வயதைக் கேட்டார்கள்.
சொன்னேன்.
குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

மஞ்சக்குப்பத்தில்
வீட்டோடு நோயாளி பார்க்க ஆள் அனுப்பும் ஆபீஸ்.
கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த பெண் விரலை நிறுத்தினாள்:
"நீங்க பாத்துக்கப் போற அம்மாவுக்கே
அம்பத்தெட்டுதாங்க ஆவுது."
இரண்டு பேரும் சிரித்தோம்.
நான் சற்று முன்னதாக நிறுத்திக்கொண்டேன்.

சத்துணவு அமைப்பாளர், முப்பத்தோரு வருஷம்.
பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி,
முட்டை தலைக்கு ஒன்று,
அழுகினதற்குத் தனிப் பதிவேடு.
ஒரு ஜூன் முப்பதாம் தேதி சால்வை போர்த்தி
ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.
அது செருகியிருந்த இடுப்பை
இன்னும் கை போய்த் தொட்டுப் பார்க்கிறது.
மாதாமாதம் வருகிற தொகையில்
சிலிண்டர் போக மீதி மாத்திரைக்கு.
மாத்திரை போக மீதி என்று ஒன்று இல்லை.

கடைசியில் கிடைத்தது
முதுநகர் தாண்டி, சிப்காட் சாலையில் ஓர் எடைமேடை.
கஃபூர் பாய் ஒன்றே ஒன்று கேட்டார்:
"கணக்கு வருமா?"

விடிகாலை நாலு முதல் பன்னிரண்டு.
ஐஸ் ஒழுக ஒழுக மீன் லாரி, உப்பு,
பண்ருட்டி முந்திரிக்கொட்டை,
உள்ளே என்னவென்று யாரும் சொல்லாத நீலப் பீப்பாய்கள்.
ஒரு பக்கக் காற்றுக்குத் தொண்டை கசக்கும்,
உப்பனாற்றுப் பக்கம் திரும்பினால் கருவாடு.
கிராமிலேயே காலம் தள்ளினவளுக்கு
டன் என்றால் முதல் வாரம் பயம்.
அப்புறம் தெரிந்தது,
அதே பொய்தான், சைபர் மட்டும் கூட.

காலி எடை போடும்போது
சீட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடந்த கிளீனரை
"தம்பி, இறங்கி வா, டீ சொல்றேன்" என்று கூப்பிட்டேன்.
எண்ணில் ஐம்பது கிலோ இறங்கிற்று.
டிரைவர் முறைத்தான்.
முட்டை கொண்டுவந்து போட்டவன் முறைக்காத முறைப்பா?

வண்டி வராத ஒருநாள்
நானே மேடையில் ஏறி நின்றேன்.
வெளிப் பலகையில் சிவப்பாக 60.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் அது.
நான் அறுபத்துமூன்று.
என்னைக் குறைத்துச் சொன்னதை
முதல்முறையாக ரசித்தேன்.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த சுதர்சன்
சென்னைக்குப் போய்விட்டான்.
அவன் கையெழுத்துப் போட்ட சம்பள நோட்டு
இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புக்கு அடியில் கிடந்தது.
அவனுக்குப் பன்னிரண்டாயிரம்.
எனக்கு ஒன்பது.
"உங்களுக்கு என்னம்மா, ஸ்கூல் பீஸா கட்டப் போறீங்க,
பொழுதும் போவுது" என்றார் பாய்.
நல்ல மனிதர். ஒருநாளும்
டீக்கு என்னிடம் காசு வாங்கியதில்லை.

இன்று ஒன்றாம் தேதி.
மெஷினில் ஒரு சீட்டு அடித்தேன்.

வண்டி எண்: பெரியநாயகி
மொத்தம்: 12,000
கழிவு: 3,000
நிகரம்: 9,000

சரக்கு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து
'அதே வேலை' என்று போட்டேன்.
மூன்று பிரதி. வெள்ளை அவருக்கு,
மஞ்சள் எனக்கு, ரோஸ் ஃபைலுக்கு.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படிக்கிறார்.
இறக்கி, மறுபடி படிக்கிறார்.
வெளியே கேரளா லாரி ஒன்று
பாதி உடம்பை மேடையில் வைத்துக்கொண்டு
ஹாரன் அடிக்கிறது.

ஜன்னல் வழியே கை காட்டுகிறேன்:
முன்னால வா, இன்னும் கொஞ்சம்,
எல்லாச் சக்கரமும் ஏறணும்.