கோணல் நகல்

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மூன்று நகல் எடுத்தேன், ஸ்பைரல் போட்டு.
இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
'நல்லாருக்கு' என்று தப்பித்துக்கொள்ளாத
மூன்று பேரைத் தேடிப் பிடிக்க
ஒரு மழைக்காலம் முழுசாய்ப் போயிற்று.

குளச்சல் ததேயு போட் எஞ்சின் மெக்கானிக்.
கிரீஸ் ரேகைகளோடு திருப்பித் தந்தான்:
"ஆனி மாசம் தடைக்காலம்லா.
ஒனக்க போட் மட்டும் எப்பிடிடே கடலுக்குப் போச்சு?"

நெய்யூர் ஆஸ்பத்திரி கிறிஸ்டோபெல்
நைட் டூட்டியில் வாசித்தாள்.
சாகக் கிடக்கிறவன் இவ்வளவு பேசமாட்டான் என்று
ஓரத்தில் பென்சில். அந்தப் பக்கம் மொத்தமும் அடி.
மூன்று நாள் அவளோடு பேசவில்லை.
நாலாம் நாள்
நானும் அடித்தேன், பேனாவால்.

மூன்றாமவர் தமிழாசிரியர்.
என்னைக் கண்டால்
ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

திருத்தியதை நகலெடுக்கப் போனபோது
கடையில் நிற்கும் சுஜின் கேட்டான்:
"அண்ணா, அந்த லீலா பஸ்ஸுல ஏறினாளா?"

அன்றைக்கு மெஷின் கோணலாய்த் துப்பிய தாள்கள்.
பின்பக்கத்தில் கடைக்கணக்கு எழுத
எடுத்து வைத்திருக்கிறான்.
பதினேழு, அறுபத்திரண்டு, நூற்றொன்பது.
"எடையில உள்ளத நானே வச்சுப் பாத்தேன்."
டோனர் கையைப் பேண்டில் துடைத்துவிட்டு
சொல்லத் தொடங்கினான்.

அவன் கதையில் அவள்
களியக்காவிளையில் இறங்கி
நின்றபடியே ஒரு கட்டன்சாயாவும்
ரெண்டு பழம்பொரியும் தின்கிறாள்.
கைவிரலை நக்குகிறாள்.

என் கதையில் ஒரு பக்கத்திலும்
அவளுக்குப் பசித்ததே இல்லை.

"எத்தனை காப்பி அண்ணா?"

கட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.
"பொறு. அவ பிறகு எங்க போனா?"