உறுதி செய்

கார் கொட்டகையில், மான்கறி அடுக்கிய
உறைபெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன்
என் விமானத்தை.
மூன்று தாள்கள். நடுத்தாள் சற்றே கோணல்.
அதனால் என் அடிவானம் எப்போதும்
இரண்டு டிகிரி சாய்ந்தே நிற்கிறது.

வெளியே மைனாட், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
மேற்கே எண்ணெய்க் கிணறுகளின் தீ
மேகத்தின் அடிவயிற்றில் ஆரஞ்சாய்க் கசிகிறது.
திங்கட்கிழமை செயின்ட் லூயிஸில் வகுப்பு.
விடுதி அறையைப் பங்கிடப் போகிறவள்
ரெனாட்டா குவிலன், வயது இருபத்துமூன்று.
எனக்கு நாற்பத்தொன்று.

பதினாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
கோடைச் சனி ஞாயிறுகளில்
பாராசூட்காரர்களை ஏற்றிப் போய்
வானத்தில் கொட்டிவிட்டு
வெறும் விமானத்தோடு தரையிறங்கினேன்.
ஏற்றிய ஆட்களை
எண்ணிக்கை குறையாமல் இறக்குவது
வானத்தில் எனக்குப் புது வேலை.

முழங்கால்களுக்கு நடுவே
கழிவறை அடைப்பெடுக்கும் கட்டை:
அதுதான் சுக்கான்.
இரண்டு மரக்கரண்டிகள், விசைக்கோல்கள்.
மின்கட்டண உறைகளின் முதுகில் எண்கள்.
சக்கரம் இறக்கும் வேகம் பல் துலக்கும்போது,
பக்கக்காற்றின் எல்லை
வாசல் பனியை வழிக்கும்போது.
தூக்கத்தில் அவை ஒன்றின் நாற்காலியில்
ஒன்று உட்கார்ந்துகொள்கின்றன.
காலையில் கேட்டால்
எதுவும் தன் பெயரைச் சொல்வதில்லை.

கையேட்டைப் புரட்ட நேரமில்லாத
சில காரியங்கள் மட்டும்
நாக்கிலேயே இருக்க வேண்டுமாம்.
வலது எஞ்சினில் தீ.
விசைக்கோல். உறுதி செய். பின்னுக்கு.
தீக் கைப்பிடி. உறுதி செய். இழு.

உறுதி செய்வது என் வேலையல்ல.
நான் தொடுவேன். இழுக்க மாட்டேன்.
பக்கத்து இருக்கையின் கண்கள் வந்து
என் விரல்மேல் உட்கார வேண்டும்.
எரியும் எஞ்சினை விட்டுவிட்டு
நல்லதை அணைத்தவர்கள் உண்டு.
கையேடு அதைச் சொல்வதில்லை.
ஒவ்வொரு வரியிலும் அந்தச் சொல்லை மட்டும்
வைத்திருக்கிறது.

பக்கத்து இருக்கை: மடக்கு நாற்காலி.
அதில் ஓரின்.
பனி வாரும் லாரியிலிருந்து இறங்கி
பூட்ஸ் கழற்றாமல்,
கோப்பைச் சூப்புக்குள் பார்த்தபடி.

"உறுதி செய்."
"சரி."
"நீ பார்க்கவே இல்லை."
"நீதான் தொட்டாயே."
"நான் தொட்டது இடது."

அவன் நிமிர்ந்தான். கரண்டியைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
"ஐம்பது பேர், ஓரின்" என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
உறைபெட்டி அந்த நேரம் பார்த்து உறுமி அடங்கியது.
அவன் சூப்பைத் தரையில் வைத்தான்.
"முதலிலிருந்து" என்றான்.

பதினொரு முறை.
ஒன்பதாம் முறை வேண்டுமென்றே தவறாகத் தொட்டேன்.
"அது இல்லை" என்றான், கண் சொருகும் நிலையிலும்.
அந்த இரண்டு சொல்லுக்காக
அவனை இன்னொரு முறை
கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது.
சொல்லவில்லை. பத்தாம் முறைக்குப் போனோம்.

காலை.
அடுப்பில் ஒரு பக்கம் பால்,
மறு பக்கம் ஓட்ஸ் கஞ்சி.
நான் மேசையில், உறைகளுக்கு நடுவே,
எரிபொருள் சமனின்மையின் எல்லையோடு
மல்லுக்கட்டிக்கொண்டு.
"வலது" என்றது ஓரினின் குரல்,
"உறுதி செய்."
கை குமிழில் நிற்கிறது, காத்திருக்கிறது.

"சரி" என்றேன்,
நிமிராமல்.

கஞ்சி அணைந்தது.
பால் பொங்கி, வழிந்து, கருகி,
புகைமணி அலறியபோது
இருவரும் ஒரே நேரத்தில் அடுப்பைப் பார்த்தோம்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சன்னலைத் திறந்தான்.
இருபத்தேழு டிகிரிக் குளிர் உள்ளே வந்து
உறைகளையெல்லாம் புரட்டிப் போட்டது.
குனிந்து பொறுக்கினேன்,
எந்த எண் எதன்மேல் விழுந்ததென்று
ஒவ்வொன்றாய்ப் பார்த்து.