கிழக்கில் உத்தேச சாலை

சூளகிரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டிப் போட்ட மேசை என்னுடையது.
பதினாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
நிலத்தை நேரில் பார்த்தது குறைவு.
நான்கு எல்லை சொன்னால் போதும்,
நடுவில் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

லகுமய்யா விற்றது இருபத்திரண்டு சென்ட்.
மானாவாரி. ராகி, ஊடே அவரை.
வடக்கில் நஞ்சப்பா பூமி.
தெற்கில் ஓடை.
மேற்கில் வண்டிப்பாதை.
கிழக்கில்?

கிழக்கில் ஒரு கல் இருக்கிறது என்றான் புரோக்கர் சீனப்பா.
வெள்ளையடித்து
சிவப்பில் நாற்பத்தேழு என்று எழுதிய கல்.
"ரிங் ரோடு வருதுங்க மேடம். கல்லே போட்டுட்டாங்க."
யார் போட்டாங்க?
"போட்டுட்டாங்க."
நம் பாஷையில் அந்த வினைக்கு
எழுவாய் தேவைப்படுவதில்லை.

உத்தேச சாலை என்று அடித்தேன்.

அடுத்து நஞ்சப்பா வந்தார்.
கிழக்கில் என்ன என்று கேட்கவில்லை,
லகுமய்யா பத்திரத்தைப் பார்த்து எழுதினேன்.
மூன்றாவதற்கு முதல் இரண்டும் ஆதாரம்.
ஒன்பதாவதை அடிக்கும்போது
கரண்ட் போகிற நேரம்,
அவசரத்தில் 'உத்தேச' விட்டுப்போயிற்று.
வாங்கியவர் படித்தார், விற்றவர் படிக்கச் சொல்லிக் கேட்டார்,
சாட்சிகள் இருவர் கையெழுத்திட்டார்கள்.
முத்திரை விழுந்தது.

சென்ட் நாற்பதாயிரம்.
ஆடியில் எழுபது.
கார்த்திகையில் ஒன்று முப்பது.
வங்கியில் 'சாலை முகப்பு' என்று குறித்துக் கடன் கொடுத்தார்கள்.
கவுரம்மா டீக்கடை போட்டாள்,
இல்லாத சாலையைப் பார்த்தபடி வாசல் வைத்து.
நிலம் பார்க்க வந்தவர்கள் டீ குடித்தார்கள்.
பால் உண்மை, பாக்கி உண்மை,
பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் சண்டையும் உண்மைதான்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது.
சாலையைக் கொண்டுவருவேன் என்றார் ஒருவர்.
விவசாயிகளைக் காப்பேன், தடுத்து நிறுத்துவேன் என்றார்
வெங்கடேசப்பா.
நூற்றுப் பதினோரு ஓட்டில் ஜெயித்தார்.
இன்றுவரை ஒரு ஜல்லி விழவில்லை.
சொன்னதைச் செய்கிற மனுஷன் என்று பேர்.

தை முடிந்து ஒரு நாள்
லகுமய்யாவின் தம்பி மகன் வாரிசுச் சான்றுக்கு வந்தான்.
போனில் காளைப் படம் காட்டினான்.
எருது விடும் விழா, கொம்பில் தட்டி,
கழுத்தில் எண்: நாற்பத்தேழு.
"போன வருஷமும் இதே நம்பர்தான்.
மீந்த பெயின்ட்ல கட்டுற கல்லுலயும் எழுதிட்டேன்."

அவன் சிரித்தான்.
நான் பிரின்டருக்குத் தாள் வைத்தேன்.
எனக்கும் அங்கே நான்கு சென்ட் இருக்கிறது,
வீட்டுக்காரர் பேரில்,
கிழக்குப் பார்த்து.

யாரிடமும் சொல்லவில்லை.
சித்திரையில் வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள்.
பதிவான கிரயங்களை வைத்துத்தான் ஏற்றுவார்கள்.
பதிவான கிரயங்கள்
என் கையெழுத்தோடு, உரிம எண்ணோடு,
அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து அளக்க வந்தார்கள்.
ஆவணத்தில் சாலை இருக்கிறது,
தரையில் காணவில்லை.
இருந்ததை யாரோ விழுங்கியிருக்கவேண்டும் என்று
முடிவுக்கு வந்தார்கள்.
கவுரம்மாவுக்கு நோட்டீஸ்:
சாலையை ஆக்கிரமித்துக் கடை.

அவள் இப்போது என் மேசைக்கு முன்னால் நிற்கிறாள்.
கையில் நோட்டீஸ், இடுப்பில் சில்லறைப் பை.
பதில் மனு எழுதவேண்டும்.
'ஐயா' என்று அடித்துவிட்டு
அடுத்த வார்த்தைக்கு விரல் போகவில்லை.
"ரோடே இல்லைன்னு எழுதட்டுமா?"
"ஐயோ, அப்படி எழுதாத தாயீ.
ரோடு இல்லைன்னா கடைக்கு யாரு வருவா?
கொஞ்சம் தள்ளி இருக்குன்னு எழுது."

சீனப்பா உள்ளே எட்டிப் பார்க்கிறான்.
காளை கழுத்தைத் தேய்த்துத் தேய்த்து
கல்லில் நான்கு அழிந்துவிட்டதாம்.
ஏழு மட்டும் நிற்கிறதாம்.

"ஏழு வழிச் சாலையா மேடம்?"