பதினேழு படி

பேக்கரிக்கு மேல்மாடி.
கீழே மாவு பிசைகிறார்கள், மேலே நான் பாதம்.
மின்தூக்கி கிடையாது.
கணுக்கால் வைத்தியம் பார்க்கப்
பதினேழு படி ஏறச் சொல்வது நியாயமா என்று
வருகிறவர் எல்லாரும் கேட்கிறார்கள்.
நியாயமில்லைதான்.
ஆனால் ஏறுகிற சத்தத்திலேயே
எனக்குப் பாதி தெரிந்துவிடும்,
எந்தக் கால் தயங்குகிறது,
எந்தக் கால் பொய் சொல்கிறது.

தொலோசாவில் யாரும் சும்மா இருப்பதில்லை.
ஓரியா ஆற்றின்மேல் சிரிமிரித் தூறல் விழுந்துகொண்டே இருக்கும்,
அதற்குள்ளேயே மலை ஏறுவார்கள்,
வெறுங்கையால் சுவரில் பந்தடிப்பார்கள்,
கல்யாணத்தில் தலைக்கு மேலே காலை வீசி ஆடுவார்கள்,
திங்கட்கிழமை என்னிடம் வருவார்கள்.
"லேசாத்தான் வலிக்குது."
இந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு
எலும்பு விட்டுப்போயிற்று என்று பொருள்.

இராய்ட்ஸ், பந்தாட்டக்காரன்.
நடுவிரல் எலும்பில் மயிரிழை விரிசல்.
ஆறு வாரம் ஓய்வு என்றேன்.
ஆறு நாள் என்று அவன் காதில் விழுந்திருக்கிறது.
ஷூவைத் திருப்பிப் பார்த்தேன்,
அடியில் ஈரமான பைன் ஊசி இரண்டு.
"யாரோ இரவல் வாங்கிப் போனாங்க" என்றான்,
அளவு நாற்பத்தேழு.

மத்தாலென் தபால்காரி. ஐம்பத்து நான்கு வயது.
டிசம்பரில், தேவாலயச் சந்தின் பாசிக்கல்லில்
இடது கணுக்கால் உள்ளே மடங்கியது.
எலும்போடு எலும்பைக் கட்டும் நார்
முக்கால்வாசி கிழிந்துவிட்டது.
ஊதா, பச்சை, அப்புறம் மஞ்சள்.
ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை கேட்டாள்:
"ஏப்ரலில் ஓடலாமா?"

ஏப்ரலில் பாஸ்க் மொழிக்காக ஓடுகிறார்கள்.
ஒரு கட்டை, கை மாறிக் கை மாறி,
இரவும் பகலும் எங்கும் நிற்காமல்.
ஆளுக்கு ஒரு கிலோமீட்டர்.
காகித ஆலையிலிருந்து பாலம் வரை அவளுடையது,
விடியற்காலை மூன்று நாற்பதுக்கு.
மத்தியானத்தில் ஒன்று கேட்டு வாங்கேன் என்றேன்.
"ஊரே முழிச்சிருக்கும்போது
யார் வேணா ஓடுவாங்க" என்றாள்.

ஆக, ஜனவரி முழுக்கப் பல் துலக்கும்போது
ஒற்றைக் காலில் நின்றாள்.
பிப்ரவரியில் கண்ணை மூடிக்கொண்டு.
தபால் பிரிக்கிற மேசைக்கடியில்
ரப்பர் பட்டையை நூறு இழுப்பு.
கணுக்காலுக்கு அவர்கள் சொல் ஒர்க்கதிலா;
நடுவில் ஒருமுறை நாக்கு மடங்கி நிமிர்கிற சொல்.

மூன்றரைக்கே பாலத்தில் நின்றேன்,
குடை, பையில் ஒட்டுப்பட்டை.
வேன் விளக்கு, ஒலிபெருக்கி, பின்னால் முப்பது பேர்.
எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துக் கத்தினார்கள்.
நான் பார்த்தது தரையிலிருந்து ஒரு சாண் உயரம்.
குதிகால், விளிம்பு, பெருவிரல். சரி.
வலது. சரி.
இடது
ஈரமான வெள்ளைக் கோட்டின்மேல்
வழுக்கியது.
அரைக்கணம் வெளியே சாய்ந்தது,
தானே நிமிர்ந்தது.
அவளுக்கே தெரிந்திருக்காது.
குளியலறைக் கண்ணாடி முன்
கண்மூடி நின்ற அத்தனை காலையும்
அந்த அரைக்கணத்தில் இருந்தது.

கட்டையைக் கொடுத்துவிட்டு எனக்குக் கையாட்டினாள்.
நான் இன்னும் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கூட்டத்தில் குதிகாலால் மட்டும்
துள்ளித் துள்ளி வந்த ஒருவன்
என்னைக் கண்டதும் நடக்கத் தொடங்கினான்.
அளவு நாற்பத்தேழு.

திங்கட்கிழமை.
படியில் சத்தம்:
இடது வலது இடது வலது, ஒரே சீர்.
யாரென்று என்னால் சொல்ல முடியவில்லை.
கதவு திறந்தது. மத்தாலென், தோளில் பை.
"வலிக்குதா?"
"இல்லையே. பதிவுத்தபால். இங்க கையெழுத்து."

போட்டேன்.
இறங்குகிறவளை எண்ணினேன்,
ஒன்பதாவது படியில் நின்றாள்,
யாருக்கோ வழிவிட.
அந்த யாரோ
கைப்பிடியைப் பிடித்து, ஒற்றைக் காலில்,
மேலே வந்துகொண்டிருந்தான்.
"லேசாத்தான்" என்று
கதவுக்கு வெளியிலிருந்தே ஆரம்பித்தான்.