பிரிவு இரண்டு, உட்பிரிவு (ஈ)

கடைமடை என்றால் என்ன
என்று எழுதச் சொன்னார்கள்.
சட்டமுன்வடிவின் இரண்டாம் பிரிவு
சொல்லுக்குப் பொருள் சொல்லும் இடம்.
அங்கே ஒரு சொல் வழுக்கினால்
பின்னால் வரும் முப்பதும் சேற்றில்.

தெரிவுக் குழுவோடு நானும் போனேன்,
தலைஞாயிறுக்குக் கிழக்கே, அடப்பாற்றங்கரை.
ஆறு உறுப்பினர்கள், மூன்று வண்டி,
ஒரு பெட்டி தண்ணீர் பாட்டில்.

செயற்பொறியாளர் அட்டவணையை நீட்டினார்.
ஜூலை ஒன்று: ஒன்று புள்ளி இரண்டு மீட்டர்.
ஜூலை இரண்டு: ஒன்று புள்ளி இரண்டு.
மாதம் முழுக்க அதே எண்,
அதே மை, அதே சாய்வு.
ஆடிப்பெருக்கன்று மட்டும் ஒன்று புள்ளி மூன்று.
பண்டிகை என்பதால் இருக்கலாம்.
சராசரியும் எடுத்து வைத்திருந்தார்கள்.
சராசரி அழகாக இருந்தது.

மதகில் அளவுப் பலகை எங்கே
என்று கேட்டார் உறுப்பினர் பரிமளகாந்தி.
லஸ்கர் ரெங்கையன் சுவரைக் காட்டினார்.
நான்கு போல்ட் துளை. துரு.
"கஜாவுல போச்சுங்க."
"அப்புறம் எப்படி அளந்தீங்க?"
அவர் பொறியாளரைப் பார்த்தார்.
பொறியாளர் ஆகாயத்தாமரையைப் பார்த்தார்.
ஆகாயத்தாமரை யாரையும் பார்க்கவில்லை.

பரிமளகாந்தி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார்.
சுவரில் ஒரு பாசிக்கோடு,
தண்ணீர் தானே போட்டுவிட்டுப் போனது.
நாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன்.
நாற்பத்தோரு சென்டிமீட்டர்.

கரையில் நின்ற குஞ்சம்மாள் சொன்னாள்:
"ஒரு ராத்திரி வந்துச்சு.
விடியறதுக்குள்ள மேலக்கரை மோட்டார் உறிஞ்சிருச்சு."
சுருக்கெழுத்தர் நிமிர்ந்தார்: "எந்தத் தேதி?"
"நாத்து கருகின மறுநாளு."
தேதி இல்லாததால் பதிவாகவில்லை.

சென்னையில்
அட்டவணை பின்னிணைப்பாக ஏறியது.
பாசிக்கோட்டுக்கு மூன்று சொல்:
"குழு நேரில் பார்வையிட்டது."
எதை என்று நாலாவது சொல் இல்லை.

இரவு பத்தேகாலுக்கு
ஒரு வரம்புரை சேர்த்தேன்.
"ஆயினும், அளவுகோல் இல்லாத இடத்தில்
எடுக்கப்பட்டதாகக் கூறப்படும் அளவு எதுவும்
இப்பிரிவின் பொருட்டு அளவாகக் கொள்ளப்படாது."
மேலதிகாரி பென்சிலால் சுழித்தார்: அவசியமா?
ஓரத்தில் பதில் எழுதினேன்:
நான்கு போல்ட் துளை.

கோப்பு மேலே போய்விட்டது.
சட்டத்துக்கும் வாய்க்கால் மாதிரியே
பிரிவு உண்டு, உட்பிரிவு உண்டு.
தலைப்பில் பூத்தூவித் திறந்துவிடுகிறார்கள்.
நான் எழுதியது இருப்பதோ
ஒரு உட்பிரிவின் வால்நுனியில்.
அதுவரை யார் படிப்பார்கள்?
பேரவையில் ஆம் என்போர் ஆம் என்பார்கள்,
மணி அடிக்கும்,
சாப்பாட்டுக்குக் கலைவார்கள்.

அச்சுப் பிரதி இன்னும் வரவில்லை.
நேற்று ரெங்கையன் போன் செய்தார்.
அன்று அவசரத்துக்கு
என் நம்பரைத் தீப்பெட்டியில் குறித்திருந்தார்.
புதுப் பலகை வந்திருக்கிறதாம்.
வெள்ளையில் கறுப்பு, பளிச்சென்று.
போல்ட்டும் கூடவே வந்திருக்கிறதாம்.
பொறியாளர் கூட்டத்தில் இருக்கிறாராம்.
கொத்தனார் காத்திருக்கிறாராம்.

"பூஜ்யத்தை எங்க வெக்கணும் சார்?"