நிரந்தர முகவரி

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்:
தெரு, வீட்டிலக்கம், தபால் குறியீடு.
கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம், நாலாம் காம்பரா
என்று அடித்தேன்.
செல்லாது என்றது.

எங்கள் டிவிசனில் தெரு கிடையாது.
கடிதம் வந்தால் தோட்டக் கந்தோரில் கிடக்கும்,
கிளாக்கருக்கு ஞாபகம் வரும் வரை.

சிக்னல் பிடிக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டிச் சுவர்.
மடியில் கணினி, கணுக்காலில் அட்டை,
மேலே குடை பிடித்தபடி அண்ணன் தவசீலன்.

உலகம் முழுக்க ஆள் தேடுகிறார்கள்.
ஆழ்கடல் புழுவின் குடலைப் படிக்க ஒருவர்.
எலியின் மறதியை அளக்க ஒருவர்.
நட்சத்திரம் அவிந்துபோகும் நேரத்தைக்
கணக்கில் போட்டுப் பார்க்க இருவர், சம்பளம் பேசித் தீர்மானிக்கப்படும்.
உப்பில் மின்சாரம் தேக்கத் தெரிந்தால்
நாளைக்கே விசா.

எனக்குத் தெரிந்தது ஒரு பங்கசு.
கொழுந்தின் அடியில் வெள்ளையாய் வீங்குமே, கொப்புளம், அது.
அதன் வித்தி மூடுபனிக்குள்
எத்தனை மணி நேரம் உயிரோடிருக்கும்?
நாலரை வருடம் பேராதனையில் இருந்து
இருநூற்றுப் பதினொரு பக்கத்தில் பதில் சொன்னேன்.
கலாநிதி என்றார்கள்.
ஹட்டனில் பாமசி மாடியில்
உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன்,
பிள்ளைக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு,
மழை பெய்தால் பாதிப் பேர் வருவதில்லை.

பட்டம் பெற்று மூன்றாண்டுக்குள் என்று நிபந்தனை.
இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது எனக்கு.
வித்திக்கும் இதே பிரச்சினைதான்,
ஈரம் காய்வதற்குள் ஓர் இலையில் இறங்க வேண்டும்.

"எத்தன வருச வேல?"
"ரெண்டு. அவங்ககிட்ட காசு இருந்தா இன்னொண்ணு."
"அதுக்குப் பொறகு?"
"வேற எடத்துக்கு எழுதணும்."
"அட, கைக்காசு வேல!"
குடை குலுங்கச் சிரித்தான்.
பேர் பதியாத மலைகளில்
எட்டு வருடமாய்க் கவ்வாத்து வெட்டுகிறவன்,
அவனுக்குச் சொல் தெரியும்.
எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.

கடைசித் திகதி இன்று.
பூமியில் எங்காவது ஒரு தீவில்
இன்னும் இன்றாக இருக்கும் வரைக்கும்
ஏற்றுக்கொள்வார்களாம்.
இப்படி ஓர் இரக்கத்தை
நான் எந்தக் கந்தோரிலும் கண்டதில்லை.
ஆனால் அந்தக் கட்டம் மட்டும்
விடமாட்டேன் என்கிறது.

எழுதினேன்:
இலக்கம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி வீதி.

பச்சைச் சரி விழுந்தது.
அனுப்பப்பட்டது, நன்றி,
தெரிவானவர்களுக்கு மட்டும் அறிவிக்கப்படும்.

"பொய்தானே எழுதின?" என்றான்.
"ம்."
தொட்டியிலிருந்து லயம் வரை
டோர்ச்சை ஒருதரம் ஓட்டினான்,
கான், கல்படி, யாரோ காயப்போட்டு மறந்த சட்டை.
"மம்பட்டி இருக்கு," என்றான்.
"கடிதம் வரட்டும். வெட்டிருவோம்."

அட்டை எப்போதோ விழுந்துவிட்டது.
ரத்தம்தான் இன்னும் நிற்கவில்லை.